திரையில் 6.6 என்றே இருந்தது

நீர்ச்செடிகள் வளரும் மீன் தொட்டிக்குப் பிஎச் கன்ட்ரோலர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செடிகளுக்கு வேண்டிய கரியமில வாயுவைத் தானாகவே அளந்து விடும் கருவி என்று நம்பி அதை வாங்கினேன். அந்த நம்பிக்கையால் ஒரே இரவில் பத்து ரம்மி நோஸ் மீன்களையும், பத்தொன்பது கார்டினல் டெட்ராக்களையும், பதினொரு அமானோ இறால்களையும் இழந்தேன். அந்த இரவு முழுவதும் கருவி பழுதில்லாமல் வேலை செய்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். யாராவது ஒருவர் முன்கூட்டியே எனக்கு இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அவை பிழைத்திருக்கும்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில் இருக்கிறது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி. மணலும் கல்லும் போக ஏறத்தாழ 160 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ரோட்டாலா, லுட்விஜியா, முன்பக்கம் புல் போலப் படரும் எலியோக்காரிஸ் ஆகியவற்றை வளர்த்தேன். முதல் ஓராண்டு வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, சாதாரண டைமர் ஆகியவற்றை வைத்தே ஓட்டினேன். காலையில் டைமர் வாயுவைத் திறக்கும், மாலையில் மூடும். நொடிக்கு இரண்டு குமிழி என்று, வாயுவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வை வைத்திருந்தேன். செடிகள் சுமாராக வளர்ந்தன, மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் வெயில் காலத்தில் ஒரு மாதிரியும் மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் குமிழி மாறுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. கடையில் இதைச் சொன்னபோது, "கன்ட்ரோலர் ஒண்ணு மாட்டிட்டீங்கன்னா அப்புறம் நீங்க மறந்துடலாங்க சார்" என்றார்கள். 8,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அதில் ஒரு பகுதி கார்பானிக் அமிலமாகிறது. அதனால் தண்ணீரின் பிஎச் இறங்குகிறது. தொட்டியில் தொங்கும் கண்ணாடிக் குமிழ் கொண்ட புரோப் அந்தப் பிஎச்சை அளந்துகொண்டே இருக்கும். நாம் வைத்த எண்ணுக்கு மேலே பிஎச் போனால் சோலினாய்டு திறக்கும், எண்ணைத் தொட்டதும் "டிக்" என்று மூடும். எந்த எண்ணை வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்தை, ஏழிலிருந்து பிஎச்சைக் கழித்து வரும் எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அதைக் கேஎச் அளவாலும் மூன்றாலும் பெருக்கினால், கரைந்துள்ள வாயு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பது தோராயமாகக் கிடைக்கும். கேஎச் என்பது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு, அதாவது அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி. என் தொட்டியில் கேஎச் 4 இருந்தது. 6.6 வைத்தால் 30 பிபிஎம் வரும். செடிகளுக்குப் போதும், மீன்களுக்கும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. 6.6 என்று வைத்தேன். அந்தக் கணக்கில் இரண்டு எண்கள் இருக்கின்றன என்பதையும், கருவிக்கு அவற்றில் ஒன்று மட்டுமே தெரியும் என்பதையும் நான் அப்போது மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதோடு இன்னும் இரண்டு தவறுகளைச் செய்தேன். கன்ட்ரோலர்தான் மூடிவிடுமே என்ற தைரியத்தில், சீக்கிரம் 6.6-ஐத் தொடட்டும் என்று நீடில் வால்வை எண்ண முடியாத வேகத்துக்குத் திறந்துவிட்டேன். தொட்டிக்குள் ஒட்டியிருந்த, வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரை, இனி இது எதற்கு, பார்வைக்கும் இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ரோட்டாலா சிவந்தது, மதியத்துக்கு மேல் இலைகளின் நுனியில் ஆக்சிஜன் முத்துகள் நின்றன. பணம் வீண் போகவில்லை என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

கோடை வந்தது. எங்கள் தெருவுக்குச் சிறுவாணித் தண்ணீர் வரும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. கோவையில் நல்ல தண்ணீர் என்றால் சிறுவாணி, உப்புத் தண்ணீர் என்றால் போர்வெல். குடிப்பதற்கே நல்ல தண்ணீர் பற்றாத நிலையில் மீன் தொட்டிக்கு நாற்பது லிட்டர் எடுப்பதை வீட்டில் எப்படிக் கேட்பது? இரண்டு வாரம் தண்ணீர் மாற்றாமல் தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை, மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருந்த நேரத்தில், மாடித் தொட்டியிலிருந்து வரும் உப்புத் தண்ணீரையே பிடித்துத் தொட்டியில் பாதியளவு மாற்றினேன். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, வெப்பமும் சரியாக இருந்தது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். பதினொரு மணிக்குக் கன்ட்ரோலரின் இணைப்பைத் திரும்பக் கொடுத்தபோது திரையில் 7.3 காட்டியது. வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் "டிக்" சத்தம் கேட்கும். அன்று மூன்றரை மணிக்குத்தான் கேட்டது. புதுத் தண்ணீர், கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்கு மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். தினமும் தொட்டியைக் காட்டச் சொல்வாள். காட்டினேன். "அப்பா, மீனெல்லாம் ஏன் மேலேயே நிக்குது?" என்று கேட்டாள். "சாப்பாடு கேக்குதுடா" என்று சொல்லி, உண்மையாகவே தீனியும் போட்டேன். ஒரு மீனும் தொடவில்லை. அழைப்பு முடிந்தபின் கிட்டே போய்ப் பார்த்தேன். ரம்மி நோஸின் மூக்கில் எப்போதும் இருக்கும் சிவப்பு வெளிறியிருந்தது. கார்டினல்கள் நீர்மட்டத்தை ஒட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. முதல் வேலையாகக் கன்ட்ரோலரைப் பார்த்தேன். 6.6. வாயுவில் பிரச்சினை இல்லை என்று அந்த நொடியிலேயே முடிவுகட்டினேன். அம்மோனியா சோதித்தேன், பூஜ்யம். இலைகளிலெல்லாம் ஆக்சிஜன் முத்துகள் நின்றதால் மூச்சுத் திணறலாகவும் இருக்க முடியாது என்று தோன்றியது. செவுள் நோய்தான் என்று நானே தீர்மானித்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய் 650 ரூபாய்க்கு மருந்து வாங்கி வந்து ஊற்றினேன். போய் வர இரண்டு மணி நேரம் ஆனது.

ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரிலும் மீன் மூச்சுத் திணறும் என்பது எனக்கு அன்று தெரியாது. மீனின் இரத்தத்தில் சேரும் கரியமில வாயு செவுள் வழியாகத் தண்ணீருக்குள் வெளியேற வேண்டும். தண்ணீரிலேயே அந்த வாயு மிகுந்திருந்தால் அது இரத்தத்திலேயே தங்கி அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. இரத்தம் அமிலமானால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் திறன் குறைகிறது. ஆகவே இலையில் முத்து நிற்பதைப் பார்த்து யாரும் மீன் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தால், காரணத்தைத் தேடுவதற்கு முன்பே வாயு இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் காற்று பம்பை ஓடவிடுங்கள். காரணம் வேறாக இருந்தாலும் இதனால் கெடுதல் இல்லை. நான் காரணம் தேடி இரண்டு மணி நேரத்தைச் செலவழித்தேன்.

இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. பிஎச் ஏறி இறங்காமல் இருப்பது நல்லது என்று எங்கோ படித்ததை நம்பி, இருபத்து நான்கு மணி நேரமும் கன்ட்ரோலரை ஓடவிட்டிருந்தேன்; ஆகவே விளக்கு அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டுதான் இருந்தது. பதினோரு மணிக்கு முதல் ரம்மி நோஸ் சுழன்று சுழன்று கீழே விழுந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் மூன்று. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி, பதற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். அதே போர் தண்ணீர். மீன்கள் கொஞ்சம் தெளிந்து கீழே இறங்கின. தரையில் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எல்லாமே முன்பைவிட மோசமாக மேலே வந்தன.

விடிகாலை இரண்டு மணி இருக்கும். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தொட்டிக்கடியில் அலமாரியைத் திறந்து மருந்துச் சீட்டைத் தேடியபோது புறங்கை சோலினாய்டில் பட்டது. நன்றாகச் சுட்டது. மணிக்கணக்கில் மூடாமல் திறந்தே இருந்தால்தான் அது அப்படிச் சுடும். இரவில் தண்ணீர் மாற்றியதிலிருந்து ஒருமுறைகூட "டிக்" சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பபிள் கவுன்டரில் குமிழிகள் தனித்தனியாகத் தெரியாமல் கோடாக ஓடிக்கொண்டிருந்தன. பிளக்கைப் பிடுங்கினேன், பழைய காற்று பம்பைத் தேடி எடுத்து இரண்டு ஏர் ஸ்டோன்களைப் போட்டேன், ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். நான்கு மணிக்கு, உயிரோடு இருந்தவை ஒவ்வொன்றாக நடுமட்டத்துக்கு இறங்கின. விடிந்ததும் இறந்தவற்றை எண்ணினேன். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அன்று முழுவதும் அழைப்பை எடுக்கவில்லை.

காரணத்தை ஞாயிறு மாலைதான் கண்டுபிடித்தேன். தொட்டி வைத்த புதிதில் வாங்கி ஒரே ஒருமுறை பயன்படுத்திய கேஎச் சோதனைக் குப்பி இருந்தது. ஐந்து மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் எந்தச் சொட்டில் மஞ்சளாகிறதோ அதுவே கேஎச். நான்காவது சொட்டில் மாற வேண்டியது மாறவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று விட்டுக்கொண்டே போனேன். பதினோராவது சொட்டில்தான் மஞ்சளானது. குழாயில் வரும் போர் தண்ணீரைச் சோதித்தேன், பதினான்கு. சேமித்து வைத்திருந்த சிறுவாணித் தண்ணீர், இரண்டு.

பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாதித் தண்ணீர் மாற்றியதும் கேஎச் 4-லிருந்து 9-க்குப் போயிருக்கிறது. அதே 6.6-ஐத் தொட வேண்டுமானால் வாயு 30 அல்ல, ஏறத்தாழ 68 பிபிஎம் ஆக வேண்டும். கருவி சொன்னதைச் செய்தது. நான்கரை மணி நேரம் திறந்து வைத்து 68-க்குக் கொண்டுபோய் நிறுத்தியது. இரவில் நான் காப்பாற்றுவதாக எண்ணி மீண்டும் போர் தண்ணீர் ஊற்றியபோது கேஎச் பத்தரைக்கு ஏறியது. மாற்றிய தண்ணீரில் வாயு குறைவு என்பதால் மீன்கள் சிறிது நேரம் தெளிந்தன. பிஎச் ஏறியதைக் கண்ட கருவி மறுபடி வால்வைத் திறந்து, இந்த முறை 80-ஐ நோக்கிப் போயிருக்கிறது. நான் உதவி என்று செய்த ஒவ்வொன்றும் கருவிக்கு "இன்னும் விடு" என்ற கட்டளையாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மீனுக்கும் இறாலுக்கும் 4,640 ரூபாய், மருந்துக்கு 650. பணம் ஒருபுறம் இருக்கட்டும், என் பராமரிப்பில் இருந்த உயிர்கள் போனதுதான் வலித்தது. ஆனால் கன்ட்ரோலரை நான் விற்கவில்லை. பயன்படுத்தும் முறையை மாற்றினேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் நீடில் வால்வைக் குறைத்தேன். என் அனுபவத்தில் இதைவிட முக்கியமான பாதுகாப்பு வேறில்லை. சோலினாய்டு பகல் முழுவதும் திறந்தே கிடந்தாலும் மீன் சாகாத அளவுக்குத்தான் வால்வு திறந்திருக்க வேண்டும். விடுமுறை நாள் ஒன்றில் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, டைமரை மட்டும் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து இதைச் சோதித்தேன். பழையபடி நொடிக்கு இரண்டு குமிழியில் வந்து நின்றது. அந்த வேகத்தில் மாலை வரை ஓடியும் பிஎச் 6.6-க்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. இப்போது வாயுவை நடத்துவது டைமர். விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடுகிறது. கன்ட்ரோலர் வரம்பு மீறினால் வெட்டிவிடும் காவலாக மட்டும் இருக்கிறது. இரவில் காற்று பம்ப் ஓடுகிறது.

டிராப் செக்கர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அதற்குள் இருப்பது தொட்டித் தண்ணீர் அல்ல, கேஎச் 4 என்று அளந்து தயாரித்த கரைசல். தொட்டிக்கும் அதற்கும் நடுவே காற்றிடைவெளி இருப்பதால் வாயு மட்டுமே உள்ளே போகும். தொட்டியின் கேஎச் எப்படி மாறினாலும் அது ஏமாறாது. பச்சை என்றால் 30 அளவில் இருக்கிறது, மஞ்சள் என்றால் மிகுந்துவிட்டது, நீலம் என்றால் போதவில்லை. நிறம் மாற ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும் என்பதே அதன் குறை. அன்று அது தொட்டியில் இருந்திருந்தால் நான்கு மணிக்கே மஞ்சளாக நின்றிருக்கும். சிலர் அதில் தொட்டித் தண்ணீரையே ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அதற்கும் கன்ட்ரோலருக்கும் வித்தியாசமே இல்லை.

புரோப் தனிக் கதை. அந்தச் சம்பவத்துக்கு எட்டு மாதம் கழித்து இலை ஓரங்களில் கறுப்புத் தாடிப் பாசி பிடித்தது, டிராப் செக்கர் நீலத்துக்குச் சாய்ந்தது, திரையோ 6.6 என்றே காட்டியது. இந்த முறை திரையை நம்பவில்லை. புரோப்பைக் கழுவி, பிஎச் 7.00 என்று தெரிந்த பஃபர் கரைசலில் வைத்தேன், 6.7 காட்டியது. புள்ளி மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் பிஎச் என்பது பத்தின் அடுக்கில் போகும் அளவு, 0.3 பிசகினால் வாயு இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும். என் செடிகள் பாதி வாயுவில் பட்டினி கிடந்திருக்கின்றன. பிசகு எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் மறுபடியும் மீன்கள் போயிருக்கும். இப்போது மாதம் ஒருமுறை 7.00, 4.01 என்ற இரண்டு கரைசல்களிலும் சரிபார்க்கிறேன். கண்ணாடிக் குமிழில் பாசி படியாதபடி வெளிச்சம் குறைந்த, நீரோட்டம் உள்ள மூலையில், வாயுவைத் தண்ணீரில் கரைக்கும் டிஃப்யூசரின் குமிழிகள் நேரடியாகப் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். கழற்றி வைக்கும்போது பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிரம்பிய மூடியில்தான் வைக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் ஊற வைத்து ஒரு புரோப்பை நான் கெடுத்தேன், 1,900 ரூபாய் போனது. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அது தேய்ந்துவிடும். அந்தச் செலவையும் கருவியின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் மாற்றும்போது புரோப் காற்றில் தொங்கினால் கருவி கண்டபடி வால்வைத் திறக்கும் என்பதால், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டே வாளியைத் தொடுகிறேன்.

மரக்கட்டையும் செடிமண்ணும் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை கசியவிடும் அமிலங்களும் பிஎச்சை இறக்கும்; கணக்கு அதையும் வாயு என்றே எண்ணிக்கொள்ளும். அப்படிப்பட்ட தொட்டியில், ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் முழுவதும் வைத்து, வாயு நீங்கிய அதன் பிஎச்சை அளந்து, அதிலிருந்து 1.0 கீழே இலக்கை வைத்துத் தொடங்கலாம். அதன் பிறகு 0.1 அளவாக, சில நாள் இடைவெளி விட்டு, வீட்டில் இருக்கும் நாளில் மட்டும், மீனைப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும்.

கேஎச் சோதனை இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை. சொட்டுக்கு ஒரு அளவு என்பது எனக்குப் போதவில்லை என்பதால் பத்து மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டை அரை அளவாக எண்ணுகிறேன். மகள்தான் குப்பியைப் பிடித்துக்கொண்டு சொட்டை எண்ணிச் சொல்வாள். தொட்டிக்குள் இருந்த சாம்பல் நிறக் கற்கள் மெல்லக் கரைந்து கேஎச்சை ஏற்றுகின்றன என்று தெரிந்ததும் அவற்றை எடுத்துவிட்டேன். ஊற்றும் தண்ணீரை முதலில் வாளியில் சோதித்த பிறகே தொட்டிக்குள் விடுகிறேன். இந்தக் கோடையிலும் நல்ல தண்ணீர் வரும் இடைவெளி நீண்டுவிட்டது. நூறு லிட்டர் டிரம் ஒன்றை மாடிப்படிக்கு அடியில் வைத்து, வரும் நாளில் நிரப்பிக்கொள்கிறேன். ஐந்து வாளி சிறுவாணிக்கு ஒரு வாளி போர் தண்ணீர் கலந்தால் கேஎச் சரியாக 4 வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் எட்டாவது சொட்டில் மஞ்சளானது.